கைக்கு எத்தனை பாட்?

தாய்லாந்துப் பயணச் செலவு பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலானவை பணம் மாற்றுவது பற்றித்தான். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். காயல்பட்டினத்தில் பிறந்து, 1994 முதல் பதினைந்து ஆண்டுகள் பாங்காக்கின் பாங் ராக் பகுதியில், கல் வியாபாரம் செய்த ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். நீலக்கல்லும் கெம்பும் டாலரில் போகும், வரும். சம்பளமும் வாடகையும் தாய்லாந்துப் பணமான 'பாட்' கணக்கில். இரண்டுக்கும் நடுவில் நாள்தோறும் விகிதம் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவில்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, நானும் மனைவியும் ஒரு குழுவோடு ஐந்து நாள் தாய்லாந்து போகிறோம். செல்போனில் பார்த்தால் ஒரு பாட் 2.70 ரூபாய் என்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பணம் மாற்றித் தருபவர் 2.82 கேட்கிறார். விமான நிலையத்தில் 3.05 என்று போன முறை போய்வந்தவர் சொல்கிறார். எதுதான் உண்மையான விலை?

மூன்றும் உண்மைதான், ஐயா. ஒட்டன்சத்திரம் மண்டியில் கத்தரிக்காய் ஒரு விலை, உங்கள் தெருக் கடையில் ஒரு விலை, ரயிலில் கூடையோடு வருபவரிடம் ஒரு விலை இல்லையா? செல்போனில் தெரிவது மண்டி விலையைப் போன்றது. வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக மாற்றிக்கொள்ளும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் விழுகிற எண் அது. அந்த விலைக்கு நம் கையில் யாரும் நோட்டைத் தரமாட்டார்கள். நோட்டை வரவழைத்து, பூட்டிவைத்து, விற்காமல் போனால் நஷ்டத்தைத் தாங்கி, கடைக்கு வாடகையும் கொடுப்பவர் அதற்கு மேல் ஒரு தொகை வைப்பார். எவ்வளவு வைக்கிறார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நீங்கள் சொன்ன எண்களையே வைத்துப் பார்ப்போம். 50,000 ரூபாய்க்கு மண்டி விலையில் 18,518 பாட். உங்கள் ஊர்க்காரர் விலையில் 17,730. விமான நிலைய விலையில் 16,393. கடைசி இரண்டுக்கும் 1,337 பாட் வித்தியாசம். அந்தக் காசில் நீங்கள் இருவரும் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடலாம். இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. பயந்துவிடாதீர்கள், மொத்தத் தொகைக்கு 18 சதவீதம் கிடையாது. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) மதிப்பாக எடுத்து அதற்குத்தான் 18 சதவீதம். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய். அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று எதையாவது எழுதியிருந்தால் என்னவென்று கேளுங்கள்.

பாங்காக் போய் இறங்கிய முதல் வாரம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாப்பா (அப்பா) கொடுத்தனுப்பிய 200 டாலரை மாற்ற ஒரு கடைக்குப் போனேன். பலகையில் 25.30 என்று பார்த்தேன். 5,060 பாட் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் 24.80 விலையில் கணக்கிட்டு 4,960 என்றார். நான் பார்த்தது விற்கும் விலை. அவர் என்னிடம் வாங்குகிறவர். பலகையில் இரண்டு பத்திகள் இருக்கும், இரண்டுமே கடைக்காரர் பார்வையில் எழுதியவை. அவர் வாங்கும் விலைதான் நமக்குக் கிடைக்கும் விலை. அதுகூடப் போகட்டும். அறைக்குப் போய் எண்ணினால் 4,860தான் இருந்தது, ஒரு நூறு பாட் நோட்டு குறைவு. ஜன்னலை விட்டு வந்த பிறகு யாரிடம் கேட்பது? அன்றிரவு அறையிலிருந்த மூத்த காக்கா (எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்) ஒருவர் சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். "பலகையப் பாக்காத. நோட்டக் குடுக்குறதுக்கு முன்னால, இத்தனைக்கு என் கைக்கு எத்தனைன்னு கேளு. சொன்னத அங்கேயே நின்னு எண்ணு."

உங்களுக்கு என் யோசனை இது. வேண்டியதில் பாதியை ஊரிலேயே பாட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். மீதியைப் புத்தம்புது 100 டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம் என்று சொல்வார்கள். எல்லா நேரமும் அப்படி இல்லை. டாலர் எங்கும் புழங்குவதால் நம் ஊரிலும் அதற்கு வித்தியாசம் குறைவு, பாங்காக்கிலும் குறைவு. உதாரணத்துக்கு, ஒரு டாலர் 89.30 ரூபாய் என்று 500 டாலர் வாங்கினால் 44,650 ரூபாய். பாங்காக்கில் 32.45 கிடைத்தால் 16,225 பாட். அதாவது ஒரு பாட் 2.75 ரூபாய். அதே 44,650 ரூபாய்க்கு உங்கள் ஊரில் நேரே வாங்கினால் 15,833 பாட்தான். நோட்டில் மடிப்பு, மை, கிழிசல் இருக்கக் கூடாது. 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20 டாலர் நோட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பலகையிலேயே தனித்தனியாக எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் இருக்கட்டும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்ததும் கண்ணில் படும் கவுன்ட்டர்களில் மாற்றாதீர்கள். அதே கட்டடத்தின் அடித்தளத்தில், நகர ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விலை நகரத்துக்குள் இருப்பதை ஒட்டி வரும். ஊருக்குள் என்றால் பிரதூனாம், ராஜதம்ரி பக்கம்.

இந்திய ரூபாயை அங்கேயே கொண்டுபோய் மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் ரூபாய் நோட்டாக வெளியே எடுத்துச் செல்லலாம். வாங்குவார்கள், ஆனால் டாலருக்குத் தருகிற நல்ல விலையை ரூபாய்க்குத் தரமாட்டார்கள். ரூபாய்க்கு எதிரே பலகையில் 0.34 என்று இருந்தால் ஒரு ரூபாய்க்கு 34 சதாங் (நம் பைசா மாதிரி; நூறு சேர்ந்தால் ஒரு பாட்) என்று பொருள். புள்ளிக்குப் பிறகு வருகிற எண்ணைப் பார்த்துப் பலர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்றை 0.34-ஆல் வகுத்தால் 2.94. ஒரு பாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான்.

சிவகாசி, முதல் முறை வெளிநாடு போகும் வாசகி: அண்ணா, தாய் நோட்டுகளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று எப்படிப் புரிந்துகொள்வது?

நிறத்தை மனப்பாடம் செய்துகொள், தங்கச்சி. 20 பச்சை, 50 நீலம், 100 சிவப்பு, 500 ஊதா, 1,000 பழுப்பு. 20 பாட் நோட்டு 2022 முதல் பாலிமரிலும் வருகிறது, தொட்டால் வழவழவென்று இருக்கும். இரவு வெளிச்சத்தில் நூறும் ஐந்நூறும் ஒன்றுபோலத் தெரியும். டாக்சியில் ஏறுவதற்கு முன்பே நூறுகளைப் பர்ஸின் தனி அறையில் பிரித்துவை. ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் டாக்சிக்காரரிடம் சில்லறை இருக்காது. செவன் லெவன் கடையில் ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கி மாற்றிக்கொள், அங்கே முகம் சுளிக்கமாட்டார்கள்.

காசுகளில் 1, 2, 5, 10 பாட். பத்து பாட் காசு வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள். இரண்டு பாட் காசுதான் குழப்பும். 2005-ல் வந்தபோது வெள்ளையாக, ஒரு பாட் காசு மாதிரியே இருந்ததால் எல்லோரும் ஏமாந்தார்கள். 2009-க்குப் பிறகு அடித்தவை மஞ்சள். பழையதும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு 100 சதாங்; 25, 50 சதாங் காசுகள் பெரிய கடைகளில் மீதியாகக் கிடைக்கும். சந்தையில் செல்லுபடி ஆனாலும் வாங்க விரும்பமாட்டார்கள்.

'தாவ்ராய்' என்றால் எவ்வளவு. சிப் பத்து, ரோய் நூறு, பான் ஆயிரம். சாம்-சிப் முப்பது, சீ-சிப் நாற்பது. கூட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் காதில் விழும். வெட்கப்படாமல் கால்குலேட்டரைக் காட்டச் சொல். தெருவோரக் கடைக்காரர்கூட ஒன்று வைத்திருப்பார். சில இடங்களில் விலையைத் தாய் எழுத்தின் எண்களில் எழுதியிருப்பார்கள். நோட்டுகளில் இரண்டு வகை எண்களும் இருக்கும், அதை வைத்தே பேருந்தில் உட்கார்ந்து பத்து எண்களைக் கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வை. ஒவ்வொரு நோட்டிலும் அரசர் படம் இருக்கிறது. காசு உருண்டு ஓடினால் காலால் மிதித்து நிறுத்தாதே. நோட்டைக் கசக்கி எறியாதே. அரசருக்கு அவமதிப்பு என்பது அங்கே மனவருத்தத்தோடு முடிகிற காரியம் இல்லை, சட்டம் கடுமையானது.

தென்காசி, வாசகி: என் மைத்துனர் பாங்காக்கிலிருந்து வந்தவர், "ஒரு பாட் நகை எடுத்தேன்" என்கிறார். பாட் என்பது பணமா, எடையா? ஒரு பாட் நகை என்றால் நம் ஊரில் எத்தனை சவரன்?

இந்தக் கேள்வியைக் கண்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அம்மா. பாட் முதலில் எடைதான். சுமார் 15 கிராம் வெள்ளி ஒரு பாட். அந்த எடையுள்ள வெள்ளிக் கம்பியை வளைத்து, உருண்டையாக்கி, மேலே முத்திரை அடித்துப் புழங்கினார்கள். துப்பாக்கிக் குண்டு போல இருக்கும்; தாய் மொழியில் 'போத் துவாங்' என்பார்கள். இப்போது ஆளும் சக்ரி வம்சத்துக் காசு என்றால் ஒரு முத்திரை சக்கரம், இன்னொன்று அந்தந்த அரசருடையது. 1855-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் ஆகி வணிகம் பெருகியபோது, கையால் வளைத்த உருண்டை போதவில்லை. 1860-ல் தட்டைக் காசு அடிக்கும் இயந்திரம் வந்தது. அந்தக் கால வாய்பாடும் நம் அணா, தம்படி மாதிரி நீளமானது. 4 சலுங் ஒரு பாட், 4 பாட் ஒரு தம்லுங், 20 தம்லுங் ஒரு சாங். ஐந்தாம் ராமர் என்ற தாய் அரசர் காலத்தில்தான் நூறு சதாங் என்ற கணக்கு வந்தது. இப்போதும் 25 சதாங் காசை வயதானவர்கள் சலுங் என்றுதான் சொல்வார்கள்.

வெள்ளியில் எடை போய்ப் பணம் நின்றது. தங்கத்தில் எடை அப்படியே இருக்கிறது. பாங்காக்கின் சீனர் தெருவான யாவோராத்தில், சிவப்புச் சுவர் போட்ட நகைக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு பாட் தங்கக் கட்டி என்றால் 15.244 கிராம், நகை என்றால் 15.16 கிராம். கால் பாட் மோதிரத்தை ஒரு சலுங் என்பார்கள். பலகையில் இருக்கும் விலை, ஒரு பாட் எடைக்கு இத்தனை பாட் பணம் என்று எழுதியது. முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நம் சவரனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். சவரன் இங்கிலாந்துப் பொற்காசின் பெயர். காசு போய்விட்டது, 8 கிராம் என்ற எடை நம் வீடுகளில் தங்கிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் வரும் கழஞ்சும் எடையாகவும் பொன்னாகவும் இரண்டு முகத்தோடு நிற்கும். எடையும் பணமும் ஒரே சொல்லில் குடியிருந்த காலம் எல்லா ஊருக்கும் உண்டு.

இப்போது உங்கள் கணக்கு. தாய் நகை 96.5 சதவீதம் தங்கம். 15.16 கிராமில் சுத்தத் தங்கம் 14.63 கிராம். நம் 22 காரட் இரண்டு சவரன் 16 கிராம், 91.6 சதவீதம் என்றால் சுத்தத் தங்கம் 14.66 கிராம். ஒரு பாட் நகையும் நம் இரண்டு சவரனும் தங்கத்தில் கிட்டத்தட்ட ஒன்று! இதை ஒரு நாள் அலுவலகத்தில் கணக்குப் போட்டுக் கண்டபோது, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். செம்பு குறைவாக இருப்பதால் நிறம் கொஞ்சம் அடர் மஞ்சளாக இருக்கும், மென்மையாகவும் இருக்கும். அன்றாடம் அணியும் வளையலுக்கு நம் ஊர் நகைதான் தாங்கும்.

ஆனால் அம்மா, ஐந்து நாள் சுற்றுலா போய்விட்டு நகை வாங்கி வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவருக்குத்தான். மற்றவர் தீர்வை கட்ட வேண்டும். கட்டினால் லாபம் எதுவும் மிஞ்சாது.

திருச்சி, பி.காம் மாணவர்: 1997-ல் பாட் வீழ்ந்ததைப் பாடத்தில் படித்தோம். நீங்கள் அப்போது அங்கே இருந்திருக்கிறீர்கள். ஒரு நாட்டின் பணம் ஒரே நாளில் எப்படி விழும்?

ஒரே நாளில் விழவில்லை, தம்பி. விழுந்தது ஒரு நாள் தெரிந்தது.

1984 நவம்பரில் தாய்லாந்து பாட்டின் மதிப்பைக் குறைத்து, சில நாணயங்களின் தொகுப்போடு அதைக் கட்டியது. தொகுப்பில் பெரும் பங்கு டாலர். அதனால் பல ஆண்டுகள் டாலருக்கு 25 பாட் என்று, அங்கே இங்கே சில சதாங் அசைந்தபடி நின்றது. நான் போனபோது கணக்குப் புத்தகத்தில் 25 என்று அச்சடித்தே வைத்திருந்தோம் என்று சொல்லலாம். அந்த நிம்மதியில்தான் ஆபத்து வளர்ந்தது. வெளிநாட்டில் டாலர் கடன் வட்டி குறைவு, தாய்லாந்தில் பாட் கடன் வட்டி அதிகம். விகிதம் மாறாது என்று நம்பினால், டாலரில் வாங்கிப் பாட்டில் கடன் கொடுப்பது சும்மா கிடைக்கிற லாபம் இல்லையா? 1993-ல் வெளிநாட்டுக் கடன் வருவதற்கு வசதி செய்து கொடுத்தார்கள். நிதி நிறுவனங்கள் வாங்கிக் குவித்தன. பணம் நிலத்துக்கும் அடுக்குமாடிக்கும் போனது. வாரம் ஒரு புதிய அஸ்திவாரம் பார்ப்போம். 1995-க்குப் பிறகு டாலர் ஜப்பானிய யென்னுக்கு எதிராக ஏறியது. அதோடு கட்டியிருந்த பாட்டும் ஏறியது. தாய்லாந்துப் பொருள் வெளியே விலை கூடியது. 1996-ல் ஏற்றுமதி வளர்ச்சி நின்றுபோனது. இறக்குமதிக்கும் கடனுக்கும் டாலர் வேண்டும், வருகிற டாலர் குறைகிறது. இதைப் பார்த்த வெளிநாட்டு வியாபாரிகள் பாட்டை விற்க ஆரம்பித்தார்கள்.

தாய்லாந்து மத்திய வங்கி 25-ஐக் காப்பாற்றத் தன் டாலர் கையிருப்பைக் கொண்டு பாட்டை வாங்கியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, தேர்வுக்கும் உதவும். பின்னொரு நாளில் டாலர் தருவதாக முன்பேர ஒப்பந்தம் போட்டுப் பாட்டைத் தாங்கினார்கள். அதனால் வெளியே காட்டிய கையிருப்பு நிறைய இருப்பதுபோலத் தெரிந்தது. உண்மையில் பெரும்பகுதி ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பணம். பெட்டியில் நகை இருக்கிறது, அடகுச் சீட்டும் அதன் மேலேயே இருக்கிறது என்பது மாதிரி. பிரதமர் சவலித் யோங்சையுத் மதிப்பைக் குறைக்கமாட்டோம் என்று ஜூன் 30 அன்று உறுதி சொன்னார்.

ஜூலை 2, புதன்கிழமை. காலையில் அலுவலகம் திறந்து, பட்டை தீட்டும் பட்டறைக்கு வாரக் கூலி பிரித்துக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து வந்த பையன் மூச்சிரைக்க நின்றான். பாட்டை மிதக்க விட்டுவிட்டார்கள். இனி சந்தை சொல்கிறதுதான் விலை. மாலைக்குள் டாலர் 28-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் பன்னாட்டு நிதியத்தின் (ஐஎம்எஃப்) தலைமையில் 1,720 கோடி டாலர் உதவித் திட்டம் வந்தது. அப்போதும் நிற்கவில்லை. டிசம்பரில் 56 நிதி நிறுவனங்களை நிரந்தரமாக மூடினார்கள். 1998 ஜனவரியில் ஒரு டாலர் 56 பாட் வரை போனது.

என்ன ஆயிற்று என்று கேட்டால் எண்களை விட்டுவிட்டுத் தெருவைச் சொல்கிறேன். எங்கள் முதலாளி டாலரில் விற்றவர். அவருக்குப் பாட்டில் கணக்குப் போட்டால் வரவு கூடியது. அதே கட்டடத்தில் கீழே இருந்த மருந்து இறக்குமதிக்காரர் டாலர் கடன் வைத்திருந்தார். 25-ல் வாங்கிய கடனை 50-ல் கட்ட வேண்டும். கடை பூட்டியது. சிலோம் சாலையில் டை கட்டிக்கொண்டு போனவர்கள் வீட்டில் செய்த ரொட்டியைத் தட்டில் வைத்து விற்றார்கள். தோங்லோ பக்கம் முன்னாள் பணக்காரர்கள் கடிகாரமும் பென்ஸ் காரும் விற்கிற சந்தையே போட்டார்கள். சாரோன் குருங் சாலையில், படகுத்துறைக்குப் பக்கத்தில், 49 மாடிக் கட்டடம் ஒன்று பாதி வேலையில் நின்றது. இன்றும் நிற்கிறது, பாங்காக் போனால் தக்சின் பாலத்திலிருந்து பார். தாய்லாந்துக்காரர்கள் அந்தக் காலத்தைத் 'தோம் யாம் குங்' நெருக்கடி என்பார்கள், அவர்களுடைய இறால் ரசத்தின் பெயர்.

1998-ல் லுவாங் தா மகா புவா என்ற வயதான பிக்கு ஒருவர், நாட்டின் கையிருப்புக்குக் கொடுங்கள் என்று மக்களிடம் தங்கமும் டாலரும் கேட்டார். எங்கள் பட்டறையில் கல் பதிக்கிற ஒரு அம்மா, காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். சலுங் எடைகூட இருக்காது. அப்படிச் சேர்ந்த தங்கம் 12 டன்னுக்கும் மேல். மத்திய வங்கிக்குப் போனது. பன்னாட்டு நிதியத்திடம் வாங்கிய கடனை 2003-ல், கெடுவுக்கு முன்பே தாய்லாந்து திருப்பிக் கட்டிவிட்டது. உன் பாடப் புத்தகத்தில் கடைசி வரி அதுவாக இருக்கலாம். எனக்கு அந்தக் காகித மடிப்புதான் நினைவில் இருக்கிறது.

திருப்பூர், இளைஞர்: பட்டாயாவில் ஏடிஎம்மில் 5,000 பாட் எடுத்தேன். இயந்திரம் 220 பாட் கட்டணம் என்றது. ரூபாயில் கணக்கிடட்டுமா என்றும் கேட்டது, நல்லதுதானே என்று 'சரி' அழுத்தினேன். கணக்கில் 15,106 ரூபாய் போய்விட்டது. தவறு எங்கே?

அந்த 'சரி'யில், தம்பி. ரூபாயில் கணக்கிடுகிறேன் என்று இயந்திரம் சொன்னால், விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரரே வைப்பார். உனக்கு 5,220 பாட்டை 2.86 விலையில் போட்டிருக்கிறார்: 14,929 ரூபாய். உன் வங்கி தன் பங்காக 150 ரூபாயும் அதற்கு வரியும் சேர்த்து 177 எடுத்திருக்கிறது. கைக்கு வந்தது 5,000, போனது 15,106. ஒரு பாட் 3 ரூபாய் 2 காசு.

அடுத்த முறை 'வேண்டாம், பாட்டிலேயே போடு' என்று அழுத்து. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் இதே பதில். 220 பாட் கட்டணம் 5,000 எடுத்தாலும் 20,000 எடுத்தாலும் ஒன்றுதான். முதலாவதில் நூற்றுக்கு 4.40 பாட், இரண்டாவதில் 1.10. தினமும் கொஞ்சம் எடுப்பதைவிட ஒரே முறை எடுத்து விடுதிப் பெட்டகத்தில் வை.

கீழக்கரை, ஒரு தாய்: என் மகன் பாங்காக்கில் ஒரு உணவகத்தில் வேலை பார்க்கிறான். பாட் விலை இன்னும் ஏறும், ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்துவைத்து அனுப்பலாம் என்று அவன் மச்சான் சொல்கிறார். சரிதானா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் உம்மாவை நினைத்துக்கொண்டேன். 1997 தொடக்கத்தில் ஒரு பாட் சுமார் 1.40 ரூபாய். நான் மாதம் 7,000 பாட் அனுப்புவேன், வீட்டுக்கு 9,800 ரூபாய் போகும். அடுத்த ஜனவரியில் அதே 7,000 பாட் 4,900 ரூபாய் ஆனது. சரிபாதி. உம்மா தொலைபேசியில், "ஏன் வாப்பா, ஒடம்புக்கு எதுவும் முடியலையா? சம்பளத்தக் கொறச்சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். சம்பளம் குறையவில்லை உம்மா, பாட்டின் மதிப்பு குறைந்துவிட்டது என்றேன். அவர்களுக்கு அதைப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்துவைத்த பாட் அப்படியே என் கணக்கில் இருந்தது. இன்னும் ஏறட்டும் என்று நானும் காத்திருந்தேன். கல்யாணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

மச்சான் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2013-ல் பாட் 1.90 ரூபாயை ஒட்டி இருந்தது, 2019 முடிவில் 2.35, 2025-ல் 2.70-ஐயும் பார்த்தது. நீண்ட ஓட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு மளிகையும் பள்ளிக் கட்டணமும் ஆறு மாதம் காத்திருக்காது. காத்திருக்கும்போது கடன் வாங்கினால், அந்த வட்டி விகித லாபத்தைத் தின்றுவிடும். வீட்டுச் செலவுக்கான பணத்தைச் சம்பளம் வந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் மிச்சம் பிடிக்கிற பணம் இருந்தால், அதை மட்டும் அவன் விருப்பம்போல வைத்திருக்கட்டும். அந்த மிச்சத்திலும், தேதி குறித்த செலவுக்கான பங்கை இப்போதே ரூபாயாக்கிவிடுங்கள்.

இன்னொன்று. அவன் எந்த வழியில் அனுப்புகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. வங்கி வழியா, செயலி வழியா, தெரிந்தவர் கையிலா? கடைசி வழி என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பணத்துக்கு ரசீது இருக்காது, சட்டத்துக்கும் அது பொருந்தாது. மற்ற வழிகளில், 'கட்டணமே இல்லை' என்று சொல்கிறவர் விகிதத்தில் எடுத்துக்கொள்வார். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மாதம் ஒரு வரி: மகன் கையிலிருந்து போனது எத்தனை பாட், உங்கள் கணக்குக்கு வந்தது எத்தனை ரூபாய். மூன்று மாதம் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த வழி மலிவு என்று நான் வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.